பழைய ராணுவ வண்டியில் கழற்றி மாட்டும் வின்ச்: சென்னையை முன்வைத்து ஓர் ஆய்வு

ராணுவம் பயன்படுத்திக் கழித்து, ஏலத்தின் வழியாகத் தனியார் கைக்கு வந்து சேரும் பழைய வண்டிகளைச் சென்னை மெக்கானிக்குகள் ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவது வழக்கம். அந்த வண்டிகளில் வின்ச் பொருத்துவது தகுமா, பொருத்துவதானால் நிலையாகப் பூட்டிவிடுவதா அல்லது வேண்டியபோது மாட்டி வேண்டாதபோது கழற்றி வைப்பதா என்ற கேள்விக்கு, எந்திரவியல் மட்டும் விடை தந்துவிட முடியாது. வண்டியின் மின்னமைப்பு, மோட்டார் வாகனச் சட்டம், கடலோர ஊரின் உப்புக்காற்று ஆகியவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். வின்ச் என்பது உருளையில் சுற்றிய வடத்தை எஞ்சின் அல்லது மோட்டாரின் விசையால் மெதுவாகச் சுருட்டி, பெரும் எடையை இழுக்கும் கருவி. துறைமுகத்துக் கப்பல்களிலும் காசிமேட்டு விசைப்படகுகளிலும் நாள்தோறும் புழங்கும் கருவி என்பதால், சென்னைத் தொழிலாளருக்கு இது புதிதன்று. தரையில் ஓடும் வண்டியில் அதைப் பொருத்தும்போது எழும் சிக்கல்களே புதியவை.

இவ்வண்டிகள் இரண்டு அலைகளாகத் தனியாரிடம் வந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நேச நாட்டுப் படைகள் இந்தியாவில் விட்டுச்சென்ற டாட்ஜ், ஜி.எம்.சி., செவர்லே, ஃபோர்டு லாரிகள் முதல் அலை. பின்புறம் இரும்புக் கைமரமும் செயின் பிளாக்கும் வைத்து, பழுதாகி நின்ற பேருந்தையும் லாரியையும் தூக்கி இழுக்கும் ‘ரெக்கவரி வேன்’களாக அவற்றில் பல நெடுங்காலம் உழைத்தன. டாட்ஜ் டபிள்யூ.சி. 52 என்ற முக்கால் டன் வண்டியும், ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரியின் ஒரு பிரிவும் தொழிற்சாலையிலிருந்தே முன்பக்கத்தில் வின்ச்சோடு வெளிவந்தவை. அந்த வின்ச்சுகளுக்குத் தனி மோட்டார் கிடையாது. கியர் பெட்டியிலிருந்து பிரிந்து வரும் துணைத் தண்டு எஞ்சினின் விசையை நேரடியாக உருளைக்குக் கொண்டு சென்றது. இதைத்தான் பி.டி.ஓ. என்கிறார்கள். அத்தண்டின் இணைப்பில், மற்ற உறுப்புகளைவிட வேண்டுமென்றே மென்மையான உலோகத்தால் ஆன பின் ஒன்று செருகப்பட்டிருக்கும். இழுவை அளவு மீறினால் வடம் அறுவதற்கு முன்பே அந்தப் பின் வெட்டுப்பட்டு, உருளைக்குச் செல்லும் விசை நின்றுவிடும். விலை மலிந்த ஓர் உறுப்பைப் பலி கொடுத்து ஆளின் உயிரைக் காக்கும் இந்த ஏற்பாட்டை, இன்றைய மின் வின்ச்சுகளை வாங்குவோர் நினைவில் வைப்பது நல்லது. அவற்றுள் பலவற்றில் இதற்கு நிகரான காப்பு இல்லை.

இரண்டாம் அலை ஜபல்பூரிலிருந்து வந்தது. மேற்கு ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தோடு 1959இல் அங்கே உருவாகத் தொடங்கிய சக்திமான் லாரி, நிசான் பேட்ரோலை அடிப்படையாகக் கொண்ட ஜோங்கா, நிசான் ஒரு டன் வண்டி ஆகிய மூன்றும் பல பத்தாண்டுகள் இந்தியப் படையின் முதுகெலும்பாக இருந்தன. 1969இல் தொடங்கிய ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் இவற்றின் உற்பத்தி தொடர்ந்தது. சக்திமான் 1996இல் நின்றது. ஜோங்காவும் அந்தப் பத்தாண்டு முடிவோடு நின்றது. சக்திமானின் பணியை ஏற்ற ஸ்டாலியன் லாரி, சென்னையில் 1948இல் பிறந்த அசோக் லேலண்டின் வடிவமைப்பு என்பதால், இந்த வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. பழுதான வண்டியை மீட்பது படையில் தனித் தொழில். 1943இல் அமைக்கப்பட்ட மின், எந்திரப் பொறியாளர் படைப்பிரிவு அதற்கென்று தனி மீட்பு வண்டிகளை வைத்திருந்ததால், சரக்கும் ஆளும் ஏற்றிய பொது வண்டிகளில் பெரும்பாலானவை வின்ச் இல்லாமலே வந்தன. ஆகவே இன்று ஒரு ஜோங்காவில் வின்ச் வைக்க விரும்புபவர், அதன் மூல வடிவத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறார்.

அப்படிச் சேர்க்க மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் என்ன தேவை என்று கேட்பது நியாயமே. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை பகுதிகளை மூழ்கடித்தபோது, உயரமான வண்டிகளே தெருவுக்குள் போய்வர முடிந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரின் சாலைமரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் சூழ்ந்தபோதும், இழுக்கும் கருவியின் பயன் கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் இந்தத் தேவை ஆண்டில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களின் சில நாள்களுக்குள் அடங்கிவிடுகிறது. மற்ற நாள்களில் வண்டியின் மூக்கில் தொங்கும் 40 கிலோ இரும்பு, முன் ஸ்பிரிங்குகளை அழுத்தி, ஸ்டியரிங்கைக் கனமாக்கி, குறுகிய தெருவில் நடப்பவர் முழங்காலுக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். கழற்றி வைக்கும் முறைக்கு இந்நகரில் உள்ள முதல் நியாயம் இதுதான்.

எவ்வளவு இழுவை வேண்டும் என்பது அடுத்து எழும் கேள்வி. படைகளின் மீட்புப் பயிற்சியில் பழகிவரும் கணக்கின்படி, சக்கரத்தின் ஆழத்துக்குச் சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க அதன் எடைக்குச் சமமான விசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு வேண்டும். தனியார் பயன்பாட்டில், வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு திறன் கொண்ட வின்ச் வாங்குவது பொதுவான நெறி. நிசான் ஒரு டன் வண்டி ஆளும் சரக்குமாக மூன்றரை டன் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், ஐந்தேகால் டன் இழுவை தேவைப்படும். கடைகளில் 12,000 பவுண்டு என்று விற்கும் மின் வின்ச்சின் திறன் 5,443 கிலோ. அது இதற்குப் பொருந்தும். ஜோங்கா இலகுவானது என்பதால் அதற்கு 9,000 பவுண்டே போதும். சக்திமானின் கதை வேறு. ஐந்து டன் சரக்கோடு அது ஏறத்தாழ 10 டன் நிற்கும் என்பதால், அதற்கு 15 டன் இழுவை வேண்டும். அந்த அளவு வின்ச்சை இரண்டு பேர் தூக்கி மாட்டிக் கழற்றுவது நடவாத காரியம். தெருவோர வெல்டிங் பட்டறையில் சக்திமான் பம்பரில் ஜீப்புக்கான வின்ச்சைப் பொருத்துவது அழகுக்கு உதவலாம், மீட்புக்கு உதவாது.

விளம்பரத்தில் எழுதியிருக்கும் திறனும் எப்போதும் கிடைப்பதில்லை. வடம் உருளையின் மேல் அடுக்கடுக்காகச் சுற்றப்படுகிறது. ஒவ்வோர் அடுக்கு கூடும்போதும் உருளையின் ஆரம் கூடி, அதே மோட்டார் தரும் இழுவை குறைகிறது. எழுதியிருக்கும் எண் முதல் அடுக்குக்கு மட்டுமே உரியது. நான்காம் அடுக்கில் அதில் ஏறத்தாழ அறுபது சதவீதமே மிஞ்சும் என்பதால், வடத்தைக் கொஞ்சமாக அவிழ்த்து அருகிலிருப்பதை இழுப்பவர், 5,443 கிலோ என்று நம்பி 3,300 கிலோவையே பெறுகிறார். இதற்கு மருந்து, பக்கம் திறந்து வடத்தை நுழைத்து மூடக்கூடிய கப்பி. வடத்தை அக்கப்பியில் திருப்பி வண்டிக்கே கொண்டுவந்து மாட்டினால், இழுவை ஏறத்தாழ இரு மடங்காகும், வேகம் பாதியாகும். கூடவே வடமும் மிகுதியாக அவிழ்ந்து, உருளையில் கீழ் அடுக்கே எஞ்சும். வின்ச் வாங்கும் பணத்தில் சிறு பகுதியை இந்தக் கப்பிக்கு ஒதுக்காதவர், கருவியின் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தவர் ஆகிறார்.

இனிப் பொருத்தும் முறைக்கு வரலாம். இந்த ஆய்வின் மையம் இதுதான். கழற்றும் வின்ச்சுகளுக்கு உலகெங்கும் பரவியுள்ள முறை, வண்டியின் சேசிஸில் நிலையாக நிற்கும் சதுரக் குழாய் உறை ஒன்று, அதற்குள் நுழையும் இரண்டு அங்குலச் சதுரத் தண்டு ஒன்று, இரண்டையும் குறுக்கே பூட்டும் பின் ஒன்று என்ற மூன்றால் ஆனது. தண்டின் முனையில் உள்ள தாங்குதட்டில் வின்ச் அமர்ந்திருக்கும். நேராக இழுக்கும்வரை இந்த அமைப்பு நம்பகமானது. பக்கவாட்டில் இழுக்கும்போதுதான் அதன் வலுவின்மை வெளிப்படுகிறது. 5,443 கிலோ இழுவையை 53 கிலோநியூட்டன் என்று கொள்வோம். வடம் உறையின் வாயிலிருந்து 30 செ.மீ. முன்தள்ளி, 45 பாகைச் சாய்வில் இழுத்தால், பக்கவாட்டுக் கூறு 37 கிலோநியூட்டனைத் தாண்டும். அது தண்டின் அடியில் உண்டாக்கும் வளைவுத் திருப்பம் 11 கிலோநியூட்டன் மீட்டர் அளவுக்குப் போகும். 50.8 மி.மீ. பக்கமும் 6.35 மி.மீ. தடிப்பும் உடைய தண்டில் இதனால் எழும் தகைவு, சதுர மில்லிமீட்டருக்கு 750 நியூட்டன் அளவை எட்டுகிறது. சாதாரண மைல்டு ஸ்டீல் 250 நியூட்டனிலேயே நிலையாக வளையத் தொடங்கிவிடும். அதாவது, முழு இழுவையில் தண்டு தாங்கக்கூடியதைப்போல் மூன்று மடங்கு சுமை அதன்மேல் விழுகிறது. இதே கணக்கை, நேர் இழுவையால் எழும் தகைவையும் சேர்த்து, மறுபுறம் போட்டுப் பார்த்தால், ஒற்றைத் தண்டு முழு இழுவையை ஏறத்தாழப் பத்துப் பாகைச் சாய்வு வரையில்தான் தாங்கும். மரமும் சுவரும் மின்கம்பமும் நெருங்கி நிற்கும் மயிலாப்பூர்த் தெருவில், பத்துப் பாகைக்குள் நேராக இழுக்க இடம் கிடைப்பது அரிது.

ராணுவ வண்டி என்பதாலேயே இதற்கு ஒரு நல்ல தீர்வும் கையருகே இருக்கிறது. இவ்வண்டிகளின் சேசிஸ் சேனல்கள் இரண்டும் முன்புறம் வரை வந்து முடிகின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் இழுவைக் கொக்கி போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். படையினர் சங்கிலி மாட்டி இழுப்பதற்கென்று அமைந்த அந்தப் போல்ட் துளைகளையே பயன்படுத்தி, இடப்பக்கம் ஓர் உறையும் வலப்பக்கம் ஓர் உறையும் பூட்டி, தாங்குதட்டுக்கு இரண்டு தண்டுகள் கொடுத்தால், பக்கவாட்டுத் திருப்பத்தின் பெரும்பகுதி ஒரு தண்டில் இழுவையாகவும் மற்றதில் அழுத்தமாகவும் பிரிந்துவிடும். இரு சேனல்களுக்கும் நடுவே முக்கால் மீட்டர் இடைவெளி இருக்குமானால், 11 கிலோநியூட்டன் மீட்டர் திருப்பம் பக்கத்துக்கு 15 கிலோநியூட்டனாக இறங்கிவிடுகிறது. எஃகுக்கு இது பெரிய சுமையன்று. சேசிஸில் புதுத் துளை இல்லை, வெல்டிங் இல்லை, பம்பரை அறுக்கவும் இல்லை. 8.8 தர 12 மி.மீ. போல்ட் ஒன்று வெட்டுவிசையில் ஏறத்தாழ 40 கிலோநியூட்டன் தாங்கும் என்பதால், பக்கத்துக்கு நான்கு இருந்தால் தேவையைப்போல் பல மடங்கு கையிருப்பு கிடைக்கும். பழைய, துருவேறிய போல்ட்டுகளையே திரும்பப் போடுவது மட்டும் கூடாது.

இதற்கு மாறாகப் பட்டறைகளில் மிகுதியும் நடப்பது, சேனலின் மேல் கீழ் உதடுகளின் குறுக்கே தகடு வைத்துப் பற்றவைப்பது. சேனலின் உதடுகளே வண்டியின் வளைவுச் சுமையைத் தாங்குபவை. அவற்றில் குறுக்கே ஓடும் வெல்டிங் கோடு, வெப்பத்தால் எஃகின் தன்மையை மாற்றி, சில ஆண்டுகள் கழித்து விரிசல் பிறக்கும் இடமாக ஆகிறது. அறுபது ஆண்டு தாங்கிய சேசிஸை ஒரு மாலைப் பொழுதில் கெடுத்துவிடும் வேலை இது. பம்பரில் மட்டும் வின்ச்சைப் பூட்டுவதும் இதற்குச் சற்றும் குறையாத தவறு.

இரட்டைத் தண்டு முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வண்டி முன்னே போய்ப் புதையும்போது, வெளியேறும் வழி பெரும்பாலும் பின்புறமே இருக்கிறது. பின்புறச் சேனல் முனைகளிலும் அதே அளவு உறைகள் வைத்திருந்தால், ஒரே வின்ச் இரு பக்கமும் பயன்படும். நிலையான வின்ச்சால் இது முடியாது.

மின்னமைப்பு பற்றிக் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. ராணுவ வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுவார்கள். சந்தையில் மிகுதியாகக் கிடைப்பது 12 வோல்ட் வின்ச் என்பதால், இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இணைப்பு எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பேட்டரி காலியாக, மற்றது நிறைந்து நிற்க, சார்ஜ் ஏறும்போது ஒன்று பட்டினியிலும் மற்றது மிகைச் சார்ஜிலும் கெட்டு, இரண்டும் ஒரே மழைக்காலத்தில் போய்விடும். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் வின்ச்சே வாங்க வேண்டும். அதில் வேறு ஆதாயமும் உண்டு. முழு இழுவையில் 12 வோல்ட் மோட்டார் 400 ஆம்பியர் அளவு கேட்கும்; 24 வோல்ட்டில் அது பாதியாகிறது. பின்புறம் வரை போய்வர 10 மீட்டர் நீளமுள்ள 50 சதுர மி.மீ. செம்புக் கேபிளில், முதலாவதில் 1.4 வோல்ட்டும் இரண்டாவதில் 0.7 வோல்ட்டும் வீணாகும். பன்னிரண்டில் ஒன்றரை வோல்ட்டை ஒட்டிப் போவதற்கும் இருபத்து நான்கில் முக்கால் வோல்ட் போவதற்கும் உள்ள வேறுபாடு, மோட்டார் சூடேறும் விதத்தில் தெரியும். பழைய டைனமோ தரும் 25 ஆம்பியரை நம்பி 400 ஆம்பியர் வேலையை ஒரு நிமிடம் செய்தால், இழந்ததை ஈடுகட்ட எஞ்சின் பதினாறு நிமிடம் ஓட வேண்டும் என்ற எளிய கணக்கும் மனத்தில் இருக்கட்டும். பேட்டரிக்கு அருகிலேயே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று கட்டாயம்; வின்ச் கழற்றியிருக்கும் நாள்களில் கேபிளின் வெறும் முனை சேசிஸில் பட்டால், தீப்பிடிக்க அது ஒன்றே போதும்.

சாந்தோம், பெசன்ட் நகர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று வின்ச்சுக்குப் பெரும் பகை. மின்னோட்டத்தைத் திருப்பும் சொலினாய்டு முனைகளும், மோட்டாரின் கார்பன் பிரஷ்களும், கம்பி வடத்தின் உள் இழைகளும் வெளியே தெரியாமல் அரிக்கப்படுகின்றன. ஓராண்டு வெயிலிலும் ஈரத்திலும் நின்ற வின்ச், வெள்ளம் வந்த இரவில் இயங்காமல் போவதற்குக் காரணம் இதுவே. கழற்றி வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வைப்பதே இதற்கு மலிவான பாதுகாப்பு. செயற்கை இழைக் கயிறு துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் வெயிலும் மணலும் அதன் பகை என்பதால், அதற்கும் வீட்டுக்குள் இருப்பதே நல்லது.

சட்டத்தின் நிலை இதே திசையைக் காட்டுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. முன்புறத் தடுப்புக் கம்பிகளின்மேல் இப்பிரிவின்படி நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்ததால், முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும் நிலையான வின்ச் பம்பரும் அதே கண்ணோடு பார்க்கப்பட வாய்ப்புண்டு. சேசிஸில் துளையோ வெல்டிங்கோ இல்லாமல், சாலையில் ஓடும்போது வண்டியில் இல்லாமல் இருக்கும் கருவி, பதிவு விவரம் எதையும் மாற்றவில்லை என்ற வாதமே வலுவானது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள், 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசையில் தனிப் பதிவு எண் தருகின்றன. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், செல்லுபடி 10 ஆண்டு. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை மாறாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவ்விதிகள் இருசக்கர வண்டிகளுக்கும், ஓட்டுநர் நீங்கலாக எட்டு இருக்கைக்கு மேற்படாத பயணி வண்டிகளுக்கும் உரியவை. பயணி வண்டியாகப் பதிவான ஜீப் அல்லது ஜோங்கா இதற்குள் வரலாம். சரக்கு லாரியாகிய சக்திமானுக்கு இந்த வாயில் திறக்கவில்லை. இது விதியில் உள்ள குறை; போக்குவரத்து வரலாற்றில் லாரிக்கும் இடமுண்டு என்பதால் திருத்தப்பட வேண்டிய குறை.

பயன்படுத்தும் முறையில், நகரத்துக்கே உரிய இடர் ஊன்றுபுள்ளி, அதாவது வடத்தின் மறுமுனையை எதில் கட்டுவது என்பது. விளக்குக் கம்பமும் மதில் சுவரும் இதற்கு ஆகா. சாலைமரத்தில் கட்ட நேர்ந்தால், பட்டையை அறுக்காத அகன்ற நாடாவைச் சுற்றியே கட்ட வேண்டும். விழுந்த மரத்தை இழுக்கும்போது வண்டியே ஊன்றுபுள்ளி ஆகிறது. கபாலீசுவரர் கோயில் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதுபோல, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்த பின்னரே சுவிட்சைத் தொட வேண்டும். வர்தாவின்போது சாய்ந்தவற்றில் குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு மரங்கள் மிகுதி. அவற்றின் கிளைகளுக்குள் மின்கம்பி சிக்கியிருப்பது சென்னையில் வழக்கமாக நடப்பது என்பதால், மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்யாமல் எஃகு வடத்தை அந்த மரத்தில் மாட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். இழுவையில் உள்ள வடத்தின் நடுவே கனமான கோணியையோ தார்ப்பாயையோ போட்டு வைத்தால், அறுந்தாலும் அது சுழன்றடிக்கும் வேகம் தணியும். வேடிக்கை பார்ப்போரை வடத்தின் நீளத்தைவிடத் தள்ளி நிறுத்துவது, கூட்டம் சட்டென்று சேரும் தியாகராய நகரில் கடினம்தான் என்றாலும், விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனை.

மின் வின்ச்சுக்குப் போட்டியாக நிற்கும் ஒரு கருவியையும் குறிப்பிட வேண்டும். கையால் நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டி, கம்பி வடத்தைத் தாடைகளால் பிடித்துப் பிடித்து இழுக்கும் ‘டிர்ஃபார்’ வகை இழுப்பான், 800, 1,600, 3,200 கிலோ திறன்களில் வருகிறது. அதற்குப் பேட்டரி வேண்டாம், தாங்குதட்டு வேண்டாம். வண்டியின் இழுவைக் கொக்கியே போதும். வேகம் குறைவு, உழைப்பு மிகுதி. ஆனால் கப்பிகளோடு சேர்த்தால், சக்திமான் போன்ற கனத்த வண்டிக்கும் அது ஓரளவு உதவும். தண்ணீரில் மூழ்கினாலும் துடைத்து எண்ணெயிட்டால் மீண்டும் வேலை செய்யும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், சென்னையில் ஜோங்காவோ நிசான் ஒரு டன் வண்டியோ வைத்திருப்பவர், இழுவைக் கொக்கித் துளைகளில் பூட்டிய இரட்டைத் தண்டு அமைப்பும், வண்டியின் வோல்ட்டுக்கு ஒத்த வின்ச்சும், ஒரு கப்பியும் வைத்துக்கொள்வது தகும். ஒற்றைத் தண்டு அமைப்பை வாங்குவோர், நேராக இழுக்க மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். சக்திமான் வைத்திருப்பவர் மின் வின்ச்சை மறந்துவிட்டு, 3,200 கிலோ கை இழுப்பானையும் இரண்டு கப்பிகளையும் வாங்குவதே சரி. எவர் எதை வாங்கினாலும், புரட்டாசி முடிவதற்குள் அதை ஒருமுறை மாட்டி, உருளையில் சில சுற்றுகள் மட்டும் எஞ்சும்படி வடத்தை அவிழ்த்து, சுமையோடு இழுத்துச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.